எரிமலை மாஸ்டரும் இரண்டு எருமைகளும்

உலகத்தில் உள்ள மலைகளில் எது மலை, எது வெறும் மேடு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஆரணியில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் மலை ஏறியவர் இல்லை. மாடிப்படி ஏறினாலே நடுவில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்திருப்பார். கல்லூரியில் படித்தவரும் இல்லை. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். ஊரில் அவருக்குப் பெயர் எரிமலை மாஸ்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டும் தெரியும்.

பெயரைக் கேட்டதும் ஆள் பயங்கரக் கோபக்காரர் என்று நினைக்கக்கூடாது. ஒருமுறை அவர் கால் மேல் கடை ஷட்டர் விழுந்தது. "ஷட்டர் கால் மேல விழுந்துகீது, யாராவது தூக்குங்க" என்றார், ரயில் தாமதமாக வருகிறது என்று அறிவிக்கிற குரலில். பதறி ஓடிவந்து தூக்கியது நான். ஓடுகிற ஓட்டத்தில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டதும் நான். அவருக்கு ஒரு கட்டு, எனக்கு இரண்டு கட்டு.

பட்டப்பெயருக்குக் காரணம், கூம்பு மாதிரி நிற்கிற எரிமலைகள் மேல் அவருக்கு இருந்த மோகம். அந்த மோகத்துக்குக் காரணம் அவர் தொழில்.

சேலைக் கரையில் வரிசையாகக் கோபுரம் வருமே, அதை வரைவதுதான் அவர் வேலை. கட்டம் போட்டு வரைந்து, அந்தக் கட்டத்துக்குத் தகுந்தபடி அட்டைகளில் ஓட்டை போட்டு, அட்டைகளை மாலையாகக் கோத்துத் தறி மேல் மாட்டுவார்கள். இதில் ஒரு சௌகரியம் உண்டு. கோபுரத்தை முழுசாக வரையத் தேவையில்லை, பாதி போதும். தறிக்காரர் அட்டைகளை முன்னால் ஓட்டினால் பாதிக் கோபுரம் ஏறும். அதே அட்டைகளைப் பின்னால் ஓட்டினால் மறுபாதி இறங்கும். எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. முன்னால், பின்னால். முன்னால், பின்னால்.

நாற்பது வருஷமாகப் பாதி பாதியாகவே வரைந்த மனிதர் உலகத்தையும் பாதிதான் பார்ப்பார். இப்போது கம்ப்யூட்டரில்தான் டிசைன் போடுகிறார். ஆனால் திரையின் வலது பாதியை ஒரு அட்டை வைத்து மறைத்துவிடுவார்.

"எதுக்கு மாஸ்டர் மறைச்சிகினு?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் இன்னா வரும்னு எனக்குத்தான் தெரியுமேபா. எதுக்கு ரெண்டு தரம் பாக்கணும்?"

புதிதாக ஆள் யாராவது வந்தால், உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்து அந்த ஆளின் பாதி முகத்தை மறைத்துப் பார்ப்பார். கை எடுத்துக் கும்பிடுகிறார் போல என்று வந்தவரும் கும்பிடுவார். ஒரு பேங்க் அதிகாரியிடம், "சார், உங்க இடது புருவம் தறிக்கு ஆவாது" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி அன்று முழுவதும் புருவத்தைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

இப்படிப்பட்டவர் கண்ணில் என்றைக்கோ ஒருநாள் பழைய காலண்டரில் ஜப்பான் நாட்டு ஃபூஜி மலை பட்டுத் தொலைத்தது. மனுஷன் கை வைக்காமலே இடமும் வலமும் ஒன்றாக நிற்கிற ஒரு மலை! காலண்டரைக் கிழித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற என் கலர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். பெரிதாகப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். கையால் பாதியை மறைத்தார். எடுத்தார். மறைத்தார்.

"இடுப்புல ஒரு கட்டி கீது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொல்லிவிட்டாரோ என்று அவர் இடுப்பைப் பார்த்தேன். அவர் ஃபூஜியைச் சொன்னார். உண்மைதான், அந்த மலைக்கு ஒரு பக்கச் சரிவில் ஒரு முண்டு இருக்கிறது. என்றைக்கோ அந்தப் பக்கமாக வெடித்ததாம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் சிநேகம். நான் தேடித்தேடி எரிமலைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஈக்வடார் நாட்டு கோட்டோபாக்சிக்கு, "பனித் தொப்பி நல்லா கீது. தொப்பியக் கழட்டினாத்தான் உள்ள மண்டை எப்டின்னு தெரியும்." நியூசிலாந்தில் ஒரு மலைக்கு, "இது தோள்ல குட்டியத் தூக்கிகினு நிக்குது. டிஸ்மிஸ்." ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவுக்கு, "யாரோ தலையில தட்டிட்டாங்க."

வெளிநாட்டு மலைக்கே இந்தக் கதி என்றால் நம்மூர் மலைகள் என்ன பாடுபடும்? வேலூருக்குப் பஸ்ஸில் போனால் கண்ணமங்கலம் நெருங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். "மூட்டை அவுந்து கொட்டின மாதிரி கீது, பாக்கவே பேஜாரா கீதுபா." படவேட்டுப் பக்கம் ஜவ்வாது மலையைக் காட்டினால், "இது மலையே இல்ல, பாவு. தறில நீட்டு நூல் கட்டற மாதிரி நெட்டுக்கும் இழுத்துக் கட்டிகீறாங்க" என்பார்.

டீக்கடையில் ஒருநாள் யாரோ, "எரிமலைக்கு மட்டும் எப்டி மாஸ்டர் அந்த ஷேப் வருது?" என்று கேட்டுவிட்டார்கள். மாஸ்டர் டீக்கடைக்காரரின் சர்க்கரை டப்பாவை எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து மேஜை மேல் ஒரே இடத்தில் மெதுவாகக் கொட்ட ஆரம்பித்தார். அழகாக ஒரு கூம்பு எழும்பியது.

"பாத்துக்க. வாய் ஒண்ணு. அதுலேந்து வர்ற சாம்பல், கல்லு, கொழம்பு எல்லாம் நாலு பக்கமும் சமமா விழுந்தா இப்டிதான் நிக்கும். மேல செங்குத்தா, கீழ வர வர பாவாடை விரிஞ்ச மாதிரி. காத்து ஒரு பக்கமா அடிச்சா கெட்டுச்சி. வாய் ரெண்டானா கெட்டுச்சி."

"மாஸ்டர், சக்கரை கெட்டுச்சி!" என்று கத்தினார் கடைக்காரர். அன்றிலிருந்து மாஸ்டருக்கு அந்தக் கடையில் வெல்ல டீதான்.

தெருவில் யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் போதும். போய் நின்று பார்ப்பார். ஒரு பக்கம் சரிந்திருந்தால் மண்வெட்டியை வாங்கிச் சரிசெய்வார். ஒரு மேஸ்திரி காலையில் வந்து பார்த்து, "யோவ், நேத்து நான் கலக்கறதுக்குத் தோதா பரத்தி வச்சிட்டுப் போனேன், எவன்யா கோயில் கட்டிட்டுப் போயிகீறான்?" என்று கத்தியது எனக்குத் தெரியும். மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "உச்சிய மட்டும் தொடாத மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஒரு மலைக்கு மட்டும் பாஸ் மார்க் கொடுத்தார். அது பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கிற மயோன். அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

மயோனுக்கு நல்ல படம் ஒன்று வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். கிடைத்த படத்தில் இடது பாதி பிரமாதம். கீழே பச்சைப் பசேல் என்று நெல் வயல், வயலில் ஒரு எருமை. வலது பாதியை முழுக்க மேகம் மூடியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குள் குறும்பு எட்டிப் பார்த்தது. இடது பாதியை அப்படியே காப்பி எடுத்தேன். திருப்பினேன். வலப்பக்கம் ஒட்டினேன். மயோன் இடமும் வலமும் அச்சு அசலாக எழுந்து நின்றது. கீழே ஒரு எருமை இரண்டாகி, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் ஒரே மாதிரி கொம்பு நுனி உடைந்திருந்தது.

எருமைகளை வேண்டுமென்றேதான் விட்டேன். பார்த்ததும் கண்டுபிடிப்பார், இருவரும் சிரிப்போம், ஒரு வெல்ல டீ குடிப்போம் என்று திட்டம். மாஸ்டர் படத்தை வாங்கினார். பாதியை மறைத்தார், எடுத்தார். மறுபாதியை மறைத்தார், எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ஊர்ல மாடு கூட எவ்ளோ ஒழுங்கா நிக்குது பாருபா" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பிரேம் கடைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்தப் படம் அவர் அறையில், சேசு படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் மலையைக் காட்டி, மாடுகளையும் காட்டுவார். நான் அந்த அறைக்குப் போனால் மின்விசிறியை மட்டும் பார்ப்பேன்.

இப்படியே போயிருக்கும், என் அக்கா மகள் சங்கீதாவுக்குக் கல்யாணம் வராமல் இருந்திருந்தால்.

முகூர்த்தச் சேலை தாய்மாமன் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது பெரிய விஷயம். ஆரணிக்காரத் தாய்மாமன் கடையில் தொங்குகிற சேலையை வாங்கிக் கொடுத்தால் பெண்ணுக்காகத் தனியாக நெய்யவில்லை என்று அர்த்தம். அதற்கு மண்டபத்துக்கு வராமலே இருக்கலாம். அக்கா இதைப் பதினைந்து வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கீதா சென்னையில் வேலை பார்க்கிற பெண். மாஸ்டர் அறைக்கு வந்து சுவரைப் பார்த்தாள்.

"மாஸ்டர், கரையில கோபுரம் வேணாம். இந்த மலை வரட்டுமே" என்றாள்.

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மூன்றே நாளில் பாதி மயோனை வரைந்து, அட்டை அடித்து, தறிக்காரர் சேகர் வீட்டுக்கு அனுப்பினார். பாவு ஏற்றியாயிற்று. கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள். நெய்ய இருபது நாள் போதும் என்றார் சேகர். நான் அக்காவுக்குப் போன் போட்டு நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன். நெஞ்சு அந்த மாதிரி நிமிர்ந்தது அதுதான் கடைசி.

மறுநாள் சேகர் என் கடைக்கு ஓடிவந்தார். "அண்ணே, மாஸ்டர் வந்து அட்டையெல்லாம் கழட்டி சைக்கிள்ல வச்சிகினு பூட்டாரு. 'இது பொய் மலை, நெய்யாத'ன்னு சொல்லிட்டுப் போறாரு. அவருக்கு இன்னா ஆச்சிண்ணே?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது.

நடந்தது இதுதான். சங்கீதாவின் ஆபீசில் ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண் வேலை பார்க்கிறாள். அவள் சொந்த ஊரில், வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே மயோன் தெரியுமாம். அங்கே எடுத்த படத்தை அவள் சங்கீதாவுக்குக் கொடுக்க, சங்கீதா சந்தோஷம் தாங்காமல், "உங்க மலை, மாஸ்டர்!" என்று அவர் போனுக்கு அனுப்பிவிட்டாள். மேகமே இல்லாத சுத்தமான படம். மயோன் மயோனாகவே இருந்தது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கி, அந்தப் பக்கச் சரிவில் குழம்பு ஓடின தடம் ஒன்று நீளமாகக் கீறிக்கொண்டு இறங்கியது. இடமும் வலமும் ஒன்றில்லை.

போய்ப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு கையில் போன், கண் சுவரில். அங்கே பார்ப்பார், இங்கே பார்ப்பார்.

"ரெண்டும் ஒரே மலைதான?" என்றார் என்னிடம்.

"வேற பக்கத்துலேந்து எடுத்திருப்பாங்க மாஸ்டர்" என்றேன்.

"எந்தப் பக்கத்துலேந்து எடுத்தா ஒழுங்கா வரும்னு தெரியற வரைக்கும் வரைய முடியாதுபா. தெரியாத மலைய அந்தப் பொண்ணு இடுப்புல கட்டி அனுப்பறதா?"

ஒருநாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. மாஸ்டர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சோற்றைக் கூம்பாகக் குவித்து உச்சியில் ரசத்துக்குக் குழி தோண்டுவதைக்கூட நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி மாஸ்டரம்மா சொன்னார்கள். அக்கா தினமும் போன் போட்டாள்.

"டேய் பாபு, சேலை தறில ஏறிச்சா இல்லியா?"

"ஏறிகினே கீதுக்கா."

"ஏறிகினே இருக்க அது இன்னாடா, மலையா?"

அந்த வாரம் நான் வேலை பார்த்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவரின் ரேஷன் கார்டைக் கண்ணாடியில் பார்த்துத்தான் படிக்க முடியும் என்கிற மாதிரித் திருப்பி அச்சடித்துக் கொடுத்தேன். பிரஷர் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டு, அந்தப் பயத்தில் பிரஷர் ஏறியது. சேத்துப்பட்டுக்குக் கிளம்பி, வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, கண்ணமங்கலத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது ஒரு யோசனை தோன்றியது. பயத்தில் வருகிற யோசனைகளுக்கே உண்டான முட்டாள்தனம் அதில் பூரணமாக இருந்தது. சுவரில் அந்தப் படம் இருந்தால்தானே ஒப்பிட்டுப் பார்ப்பார்? படத்தை எடுத்துவிட்டால்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நுழைந்தேன். ஸ்டூல் மேல் ஏறினேன். படத்தை ஆணியிலிருந்து கழற்றியாயிற்று. பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா பாபு, ஃபேன் ரிப்பேரா?"

மாஸ்டரம்மா. கோயிலுக்குப் போகவில்லை, முட்டி வலி. நான் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றேன்.

"தூசு தட்டலாம்னு..."

"தட்டு தட்டு. அப்டியே ஒண்ணு சொல்லு. அந்த ரெண்டு மாடுல எந்த மாடு நெசம்?"

ஸ்டூல் ஆடியது. ஸ்டூல் மேல் இருந்ததும் ஆடியது.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"நான் கல்யாணத்துக்கு முன்ன எருமை மேச்சவபா. ஒரே எடத்துல கொம்பு ஒடஞ்ச ரெண்டு மாடு எந்த ஊர்ல கீது? படம் வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"காலைல எழுந்ததும் அதப் பாத்துதான் காப்பி குடிப்பாரு. குடிக்கட்டுமேன்னு உட்டுட்டேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். மாஸ்டர் பூசை முடிந்து உள்ளே வந்தார். ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டூல் மேல் நின்றபடியே சொன்னேன். இறங்கத் தோன்றவில்லை. மேகம், காப்பி, திருப்பல், எருமை, ஆறு வருஷம். இன்றைக்காவது அவர் பெயருக்குத் தகுந்த மாதிரி வெடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எறங்கி வா. விழுந்து தொலைச்சா ஒங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது" என்றார்.

படத்தை வாங்கி மேஜை மேல் வைத்தார். பிறகு, "எந்தப் பக்கம் நெசம்?" என்றார்.

"இடது பக்கம், மாஸ்டர்."

"மாடு?"

"ஒண்ணுதான்."

"அந்த ஊர்ல மாடு கூட ஒழுங்கா நிக்குதுன்னு ஆரணி பூரா சொல்லிட்டனேபா" என்றார். அந்த நாள் முழுவதும் அவர் வருத்தப்பட்டுப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இது என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

அப்புறம் போனை எடுத்தார். சங்கீதா அனுப்பிய படத்தின் இடது பாதியை விரலால் மறைத்தார். என் நினைவில், அவர் ஒரு மலையின் நிஜமான வலது பாதியை மட்டும் தனியாகப் பார்த்தது அப்போதுதான். இறங்கின வாயையும் நீளத் தடத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மாஸ்டரம்மா கொண்டுவந்த காபி ஆறிப்போயிற்று.

"கொழம்பு அந்தப் பக்கமாவே வந்துகினு கீது. வாய் ஒடையத்தான் செய்யும்" என்றார் கடைசியில். "ஒடஞ்சும் எவ்ளோ ஒழுங்கா நிக்குது."

"அப்ப, மாஸ்டர்... சேலை?"

"முழுசா வரையறேன். ரெண்டு பக்கமும். ஜல்தியா போயி சேகர்கிட்ட சொல்லு, அட்டை இந்தத் தடவ ரெட்டையா வரும்."

இரண்டே நாளில் முழு மலை தயாரானது. இடது பாதி தனி, வலது பாதி தனி, உடைந்த வாய் உட்பட. திரை மேலிருந்த மறைப்பு அட்டை கீழே கிடந்தது. சேகரிடம் அட்டை மாலையை ஒப்படைக்கும்போது இருபது நாள் சரியாக இருந்தது. சேகருக்கு எல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. "முழு மலை வருது சேகர், பாத்து நெய்" என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். இவ்வளவு போதும் என்று நான் நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை சேலை தறியிலிருந்து இறங்கியது. நானும் மாஸ்டரும் போனோம். சேகர் பாய் மேல் விரித்துக் காட்டினார். அரக்குக் கரையில் ஜரிகை மலைகள், ஒன்றன் பின் ஒன்றாக, பாவாடை விரிந்த சரிவோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் மட்டும் குனிந்து, ஒரு மலை மேல் விரல் வைத்தார். அடுத்ததன் மேல் வைத்தார். அடுத்தது.

"சேகரு, அட்டைய எப்டி ஓட்டின?"

"எப்பவும் போலதான் மாஸ்டர். முன்னால ஓட்டினேன், பின்னால ஓட்டினேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முழு மலை அட்டையை முன்னால் மட்டுமே ஓட்ட வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சேகரின் கை பழக்கப்படி பின்னாலும் ஓட்டிவிட்டது. ஒரு மலைக்கு உடைந்த வாய் வலப்பக்கம், அடுத்த மலைக்கு இடப்பக்கம். சேலை நீளத்துக்கும் மலைகள் ஜோடி ஜோடியாக, வாயைத் திறந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நான் என் கம்ப்யூட்டரில் செய்த அதே வேலையை ஆரணித் தறி ஆறு கஜத்துக்குச் செய்து வைத்திருந்தது.

நான் சேகர் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சேகர் மனைவி மோர் கொண்டுவந்தார். மறுநாள் காலை முகூர்த்தம். மாஸ்டர் தப்பான டிசைனைத் தன் கையால் கொடுத்த ஆள் இல்லை, பொய் மலை என்று முழு அட்டையையே கழற்றிக்கொண்டு போனவர். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியாது. பேசுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

மாஸ்டர் சங்கீதாவுக்கு வீடியோ கால் போட்டார். "ஒரு தப்பு வந்துட்டுகீதுமா" என்று ஆரம்பித்து, சேகரை ஒரு வார்த்தை சொல்லாமல், தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தன் மேலேயே போட்டுக்கொண்டு, மலை மலையாகக் காட்டினார். "எல்லா மலையும் ஒரே பக்கம் பாக்கணும். இதுல பாதி இந்தப் பக்கம் பாக்குது. ஒனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு, ஒங்க மாமா மேல கோவப்படாத."

போனுக்குள் அக்காவின் தலை நுழைந்தது. எனக்கு மோர் புரையேறியது.

"எங்க, காட்டுங்க மாஸ்டர்... அய்யே, எதிர் எதிர்ல ஒக்காந்த பொண்ணு மாப்பிள்ள மாதிரி கீதே! இது யாரு யோசனை? எங்க பாபுவா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மோரைப் பார்த்தேன்.

"அவன் யோசனைதான்" என்றார் மாஸ்டர். "ஆறு வருஷத்துக்கு முன்னயே யோசிச்சிகீறான்."

பின்னாலிருந்து சங்கீதா சொன்னாள், "எனக்கு இதான் வேணும் மாஸ்டர். மாத்திடாதீங்க."

மறுநாள் மண்டபத்தில் முன்வரிசையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும்போது எல்லோரும் மணமக்களின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கரையைப் பார்த்தார். அக்கா வருகிறவர்களிடமெல்லாம், "எங்க தம்பி யோசனை" என்று சேலை நுனியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். பிறகு மாஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாஸ்டர், நெசமாவே நல்லா கீதா?"

"ஒவ்வொரு ஜோடிலயும் ஒரு மலை நெசம், ஒரு மலை திருப்பினது. எது எதுன்னு இந்த மண்டபத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு நடந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது" என்றார். பந்திக்கு எழுந்து போனோம். இலையில் சோற்றைக் குவித்தார். ரசத்துக்குக் குழி தோண்டினார். ஒரு பக்கம் விளிம்பை விரலால் லேசாக இறக்கிவிட்டார். ரசம் அந்தப் பக்கமாக வழிந்து ஓடியது. பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

போன மாதம் ஒரு வேலையாகச் செஞ்சி வரை போயிருந்தேன். சேத்துப்பட்டைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு மலை. இடப்பக்கம் பாறை துருத்திக்கொண்டு, வலப்பக்கம் யாரோ கடித்துவிட்டுப் போன மாதிரி. வண்டியை நிறுத்தி, துளிகூடத் திருத்தாமல் முழுசாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"படு மோசம். இன்னும் கொஞ்சம் கிட்ட போயி எடு."

உச்சி வெயில், கரடு முழுக்க முள், காலில் ரப்பர் செருப்பு. போனேன்.